உச்சியில் ஒரு தேசிக்காய்: பிள்ளைகள் கட்டும் கோபுரம்

இருபது ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு யார் செலோரேப், ஒரு யார் நூல், ஒரு மாஷ்மலோ இனிப்பு. குழுவுக்கு நான்கு பேர். நேரம் 18 நிமிடம். எதிலும் சாய்க்காமல், மேலேயிருந்து கட்டித் தொங்கவிடாமல், தன் காலில் நிற்கும் கோபுரம் ஒன்றைக் கட்டி அதன் உச்சியில் மாஷ்மலோவை வைக்க வேண்டும். மேசையிலிருந்து மாஷ்மலோ வரை அளப்பார்கள். குச்சியை உடைக்கலாம், நூலை வெட்டலாம். மாஷ்மலோவை மட்டும் பிய்க்கக்கூடாது. தின்னவும் கூடாது.

'மாஷ்மலோ சவால்' என்று உலகம் முழுக்க அறியப்பட்ட இந்த விளையாட்டை வடிவமைப்பாளர் பீற்றர் ஸ்கில்மன் 2006 இல் டெட் மேடையில் அறிமுகப்படுத்தினார். அதைப் பல நாடுகளில், பல தொழில் செய்பவர்களிடம் நடத்திப் பார்த்து, 2010 இல் அதே மேடையில் கதைத்தவர் ரொம் வூஜெக். அவர் சொன்ன கணக்குத்தான் இதைப் பிரபலமாக்கியது. சராசரி உயரம் ஏறக்குறைய 20 அங்குலம். வணிக முகாமைத்துவப் பட்டதாரிகள் கட்டியது அதில் பாதியளவு. சட்டத்தரணிகளும் சராசரிக்குக் கீழே. அப்போதுதான் பாலர் பாடசாலையை முடித்த பிள்ளைகளோ சராசரியைத் தாண்டினார்கள். எல்லோரையும் விட உயரமாகக் கட்டியவர்கள் கட்டடக் கலைஞர்களும் பொறியியலாளர்களும். அதுவாவது நல்ல செய்தி! இவை பட்டறைகளில் எடுத்த அளவுகள், ஆய்வுகூட முடிவுகள் அல்ல. இருந்தாலும் அவர் சொன்ன காரணத்தை நேரில் பார்த்த பிறகு என்னால் தள்ளிவிட முடியவில்லை.

வளர்ந்தவர்கள் முதலில் கதைப்பார்கள். யார் தலைவர் என்று பார்ப்பார்கள். திட்டம் கீறுவார்கள். பிறகு கட்டிக்கொண்டே போய், கடைசி நிமிடத்தில்தான் மாஷ்மலோவை உச்சியில் வைப்பார்கள். கையில் பஞ்சுபோல இருந்த பொருள், 20 அங்குல உயரத்தில் மெல்லிய குச்சிகளின் தலையில் உட்கார்ந்ததும் பாரமாகிவிடும். கோபுரம் மடிந்து விழும். திரும்பக் கட்ட நேரம் இருக்காது. சிறு பிள்ளைகள் அப்படியில்லை. அவர்கள் மாஷ்மலோவை முதலில் எடுக்கிறார்கள். மூன்று குச்சியில் குத்தி நிறுத்துகிறார்கள். விழும். திரும்ப நிறுத்துகிறார்கள். 18 நிமிடத்துக்குள் நாலைந்து தடவை விழுத்திப் பார்த்துவிடுகிறார்கள்.

இதை எங்கள் ஊரில் செய்து பார்க்கும் ஆசையில், கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டினோம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை இருபது பேர் வந்தார்கள். ஸ்பகெட்டிக்குப் பதில் தென்னோலை ஈர்க்கு, மாஷ்மலோவுக்குப் பதில் சின்னத் தேசிக்காய்.

விதிகளைச் சொல்லி முடித்ததும் ஒருவரும் அசையவில்லை. "எப்பிடிக் கட்டவேணும் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றான் ஒருவன். எப்படியும் கட்டலாம் என்றேன். "ஒரு படம் கீறிக் காட்டுங்கோவன்" என்றாள் இன்னொருத்தி. ஐந்து நிமிடம் அப்படியே போனது. வூஜெக் பார்த்த பாலர்களுக்கும் எங்கள் தரம் 5 பிள்ளைகளுக்கும் இடையில் இருப்பது நாலைந்து வயதுதான். அந்த நாலைந்து வயதுக்குள் புலமைப்பரிசில் பரீட்சையும் ரியூசன் வகுப்பும் மாதிரி வினாத்தாளும் வந்துவிடுகின்றன. விடை முன்கூட்டியே எங்கோ இருக்கிறது, அதைப் பிழையில்லாமல் எழுதுவதே வேலை என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். கெட்டித்தனத்தில் குறைவில்லை. தொடங்கத்தான் பயம்.

ஆறாவது நிமிடத்தில் ஒரு சிறுமி மூன்று ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் தேசிக்காயைக் குத்தினாள். அது உடனே சரிந்தது. மற்ற மேசைகளில் சிரித்தார்கள். அவள் கால்களை அகட்டி வைத்துத் திரும்ப நிறுத்தினாள், நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற மேசைகளில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த விஷயங்கள் எல்லாம் பொறியியல் புத்தகத்தில் இருப்பவைதான். முதலாவது, முக்கோணம். நான்கு ஈர்க்கால் சதுரம் கட்டி மூலையில் அமத்தினால் அது சரிந்து வேறு உருவம் எடுக்கும். மூன்று ஈர்க்கால் கட்டிய முக்கோணம், ஈர்க்கு முறியும்வரை உருவம் மாறாது. சதுரத்தின் குறுக்கே ஒரு ஈர்க்கு வைத்தால் அது இரண்டு முக்கோணமாகிவிடும். இரும்புப் பாலங்களிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்களிலும் குறுக்குக் கம்பிகள் ஓடுவது இதற்காகத்தான்.

இரண்டாவது, நீளம். ஒரு குச்சியின் இரு முனைகளையும் அமத்தினால் அது நசிந்து உடைவதற்கு முன் நடுவில் வளையும். 1744 இல் லெயோனார்ட் ஒய்லர் இதற்குக் கணக்கு எழுதினார். குச்சியின் நீளம் இரண்டு மடங்கானால் அது வளையாமல் தாங்கக்கூடிய பாரம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே நீண்ட காலுக்கு நடுவில் ஒரு குறுக்குத் துண்டு கட்டினால் அந்தக் கால் இரண்டு குட்டைக் கால்களாகி வலுப்பெறும். ஒரு குழு இதைக் கணக்கு இல்லாமலே பிடித்துக்கொண்டது. கால்கள் வில்லாக வளைவதைப் பார்த்து, வளைந்த இடத்திலேயே கட்டினார்கள்.

மூன்றாவது, நூல். எல்லாப் பிள்ளைகளும் நூலை முடிச்சுப் போடத்தான் எடுத்தார்கள். அரைச்சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார். "தறப்பாள் கொட்டில் கட்டேக்க என்ன செய்வம்? நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேணும் மோனே" என்றார். செட்டிகுளம் முகாமில் அவர் எத்தனை கொட்டில் கட்டினார் என்பதை அதற்குப் பிறகு விரிவாகச் சொன்னார். நூல் தள்ளுவதைத் தாங்காது, இழுப்பதை மட்டுமே தாங்கும். எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக் கட்டிய நூல்கள் ஒரு மெல்லிய கம்பத்தை நிமிர்த்தி வைத்திருக்கும். நூலை மேசையில் ஒட்டலாமா என்பதை மட்டும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பெரிய சண்டையே அதில்தான் வரும்.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கைப்பழக்கம் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். தடையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் கற்றதை, வழியிருக்கும் காலத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் அல்லவா? அந்த முதியவரின் இழுகயிறு எந்தப் பாடப்புத்தகத்தையும் விடச் சுருக்கமாக விளங்கியது.

பதினான்காவது நிமிடமளவில் ஒரு கோபுரம் தேசிக்காயோடு பக்கவாட்டில் சரிந்தது. "தண்ணித் தாங்கி மாதிரி!" என்று கத்தினான் ஒரு பொடியன். பிள்ளைகள் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற பெரியவர்கள் சிரிக்கவில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், போரில் சரிந்த நீர்த்தாங்கி பல ஆண்டுகளாக அப்படியே கிடந்ததையும், தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்ததையும் மறந்தவர்கள் குறைவு. இந்தப் பிள்ளைகள் 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது வீதியோரத்து விநோதம்.

ஆனால் அந்தப் பொடியன் சொன்னது உருவத்தில் சரி. நீர்த்தாங்கியும் தேசிக்காய்க் கோபுரமும் ஒரே பிரச்சினைதான்: பாரம் முழுவதும் மேலே, தாங்கும் கால்கள் கீழே. ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். ஒரு பக்கத்துக் கால்கள் போய்விட்டால் மேலிருக்கும் பாரமே மிச்ச வேலையைச் செய்துவிடும். இதை அங்கேயே மூன்று ஈர்க்கில் காட்டினேன். பெரியவர்கள் கிட்ட வந்து பார்த்தார்கள்.

அதற்குச் சற்றுப் பிறகு, இன்னொரு கோபுரம் ஆடத் தொடங்கியதும் ஒரு தாய் ஓடி வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். மகள் "விடுங்கோ அம்மா, விழட்டும்" என்றாள். அவர் விடவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கட கண்ணுக்கு முன்னால விழுந்தது காணும் தங்கச்சி."

விழ விடுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் மிக இலகுவாக எழுதுகின்றன. இங்கே அதைச் சொல்ல வாய் கூசும். ஆகவே அடுத்த முறை பெற்றோருக்கும் தனியாக ஒரு மேசை போட்டு, ஈர்க்கும் தேசிக்காயும் கொடுத்தோம். கை வேலையில் இருந்தால் பிள்ளையின் கோபுரத்தைப் பிடிக்க வராது. அவர்களும் விழுத்தினார்கள், அவர்களும் திரும்பக் கட்டினார்கள்.

பரிசு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வூஜெக் ஒரு தடவை 10,000 டொலர் பெறுமதியான மென்பொருளைப் பரிசாக அறிவித்தார். பத்துக் குழுக்கள் போட்டியிட்டன. ஒன்றின் கோபுரம்கூட நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதே மாணவர்கள், இடையிடையே சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்து நன்றாகக் கட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு விளையாட்டைத் தொடங்கினால் இரண்டாம் வருடமே வலய மட்டம், மாவட்ட மட்டம், பிரதம விருந்தினர், பொன்னாடை, முகநூல் படம் என்று போய்விடும். விழுத்திப் பார்க்கத் துணிந்த பிள்ளை, பிரதம விருந்தினருக்கு முன்னால் விழுத்தத் துணியாது. கட்டியவை எல்லாவற்றையும் அளந்து பலகையில் எழுதினால் போதும். விழுந்த கோபுரங்களும் எத்தனையாவது தடவையில் விழுந்தன என்று அதில் இருக்கட்டும்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் சனசமூக நிலையக்காரருக்கும் சில விபரங்கள். ஈர்க்குக் காய்ந்ததாக இருக்கவேண்டும். பச்சை ஈர்க்கு வளைந்துகொடுக்கும். அடி தடிப்பாகவும் நுனி மெல்லியதாகவும் இருப்பதால் ஒரு சாண் அளவான துண்டுகளாக வெட்டிக் கலந்து கொடுங்கள். எந்தத் துண்டு எங்கே போகவேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கூரான நுனிகளை வெட்டிவிடுங்கள், குனிந்து வேலை செய்யும்போது கண்ணில் குத்தும். தேசிக்காய் பாரமென்றால் இன்னும் சிறியதாகப் பாருங்கள். செலோரேப்பை முன்கூட்டியே அளந்து வெட்டி மேசை விளிம்பில் ஒட்டிவிட்டால் நேரம் மிச்சம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடியுங்கள், ஆனால் யோசனை சொல்லாதீர்கள். முதல் சுற்று முடிந்ததும் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டாம் சுற்று வையுங்கள். முதல் சுற்றைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் பாதிதான் பார்த்தீர்கள்.

கோபுரம் அலுத்துவிட்டால் பாலம் இருக்கிறது. கனடாவிலுள்ள ஒக்கனாகன் கல்லூரி நடத்திய ஸ்பகெட்டிப் பாலப் போட்டியில் 2009 இல் ஹங்கேரி மாணவர் இருவரின் பாலம் 440 கிலோவுக்கு மேல் தாங்கியது. எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு ஈர்க்குப் பாலம் கட்டி, நடுவில் வெறும் யோகட் கப் ஒன்றைத் தொங்கவிட்டு, கரண்டி கரண்டியாக மணல் போடச் சொல்லுங்கள். எந்த ஈர்க்கு முதலில் வளைகிறது என்று பார்க்க ஒரு பிள்ளையை நிலத்தில் படுக்க விடுங்கள்.