பின் திண்ணையின் கதை



சில மாதங்களுக்கு முன் சிறு கணிப்பொறி ஒன்றை என் கையாலேயே செய்து முடித்தேன். 1976-இல் வெளிவந்த இஸட்-80 என்னும் செயலியை நடுவே வைத்து, பழங்கால முறையில், தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொண்டு அமைத்த பொறி அது. என்னிடமிருந்த பழைய படக்குழாய்ப் பெட்டியில் அதை இணைத்தேன். வெள்ளைத் தாளில் மையெழுத்துப் போல எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றின. அதே கம்பியைப் புதிய தட்டைத் திரைப் பெட்டியில் செருகினேன். திரை முழுதும் இருள்! பிழை பொறியிலா, பெட்டியிலா? விடை தேடிச் சென்றபோது மின்சுற்றை விட்டு வரலாற்றுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அவ்வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1897-இல் ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்டு பிரவுன் கேதோடுக் கதிர்க் குழாயை அமைத்தார். எலக்ட்ரான் கற்றை திரையில் மோதினால் அவ்விடம் ஒளிரும். அக்கற்றையை நாம் வேண்டியவாறு வளைக்கலாம். பிற்காலத்துப் படக்குழாய்க்கு மூலம் இதுவே. கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி தீட்டும். பின் இடப்புறம் திரும்பி வந்து அடுத்த வரியைத் தொடங்கும். 1936 நவம்பர் 2-ஆம் நாள் இலண்டன் அலெக்ஸாந்திரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே நிலைபெற்ற முறை 405 வரிகளைக் கொண்டது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவும் நம் நாடும் 625 வரி முறையை ஏற்றன. 1959-இல் டில்லியிலும் 1975-இல் சென்னையிலும் தொலைக்காட்சி தொடங்கியது. இம்முறையில் வினாடிக்கு 25 படங்கள். அதாவது 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைக்கும் காலம் 64 மைக்ரோ வினாடி மட்டுமே.

அந்த 64-இல் கண்ணுக்குத் தெரியும் படத்துக்கு உரியது ஏறத்தாழ 52. எஞ்சிய 12 எதற்கு? கற்றை திரும்பி வர நேரம் வேண்டும். "வரி முடிந்தது, திரும்புக" என்று பெட்டிக்கு ஆணையிடவும் வேண்டும். ஆகவே சைகையின் மின்னழுத்தம் 4.7 மைக்ரோ வினாடி நேரம் அடிமட்டத்துக்கு இறங்கும். இதுவே வரித் துடிப்பு. இத்துடிப்புக்கு முன்னும் பின்னும் சைகை கறுப்பின் மட்டத்தில் சற்றே ஓய்ந்து நிற்கும். வீட்டு வாயிலின் இருபுறமும் இருக்கும் திண்ணைகளைப் போன்றவை இவ்விடங்கள். மேனாட்டுப் பொறியியலார் இட்ட பெயரும் அப்பொருளதே. முன் திண்ணை ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோ வினாடி. பின் திண்ணை ஏறத்தாழ 5.7.

பின் திண்ணை வீணாகக் கிடக்கும் இடம் அன்று. பாடகர் தம்பூராவைக் கேட்டுச் சுருதி சேர்ப்பது போல, பெட்டி ஒவ்வொரு வரியிலும் அங்கேதான் "கறுப்பு என்பது இந்த மட்டம்" என்று அறிந்துகொள்கிறது. 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது, வண்ணத்தை அளக்க உதவும் சிற்றலைக் கொத்தையும் இத்திண்ணையிலேயே குடியேற்றினர். அதனால் பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளைத் தூக்கி எறியவேண்டிய தேவை எழவில்லை.

பின்னர் வீட்டுக் கணிப்பொறிகளின் காலம் வந்தது. தனித் திரை வாங்கப் பொருள் வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியோ பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. 1973-இல் டான் லங்காஸ்டர் என்ற அமெரிக்கர், தொலைக்காட்சியில் எழுத்துக்களைக் காட்டும் கருவியைத் தாமே செய்துகொள்ளும் முறையை "ரேடியோ-எலெக்ட்ரானிக்ஸ்" இதழில் வெளியிட்டார். 1980-இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் நூறு பவுனுக்கும் குறைவாக இஸட்.எக்ஸ்.80 என்ற பொறியை விற்றார். அதில் படம் வரையும் வேலையையும் செயலியே செய்தது. அது கணக்கிடும் வேளையில் திரையில் படம் நிற்காது! சிக்கனம் அத்தகையது.

இனி என் கதைக்கு வருகிறேன். முதலில் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு ஆஸிலாஸ்கோப்பில் அளந்தேன். வெண்மைக்கு ஏறத்தாழ 1 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 5 வோல்ட் காட்டியது. மிகுதியால்தான் புதிய பெட்டி திணறுகிறது என்று முடிவு கட்டி, மின்தடைகளைப் பலமடங்கு உயர்த்தினேன். பழைய பெட்டியிலும் படம் நிலைகுலைந்து உருளத் தொடங்கியது. பெட்டிக்குள் 75 ஓம் மின்தடை ஒன்று இருப்பதை மறந்தது என் தவறு. நான் முதலில் வைத்திருந்த 1000 ஓமும் 470 ஓமும் அந்த 75 ஓமுடன் சேரும்போதுதான் கறுப்பு 0.3 வோல்ட்டிலும் வெண்மை 0.95 வோல்ட்டிலும் வந்து நிற்கும். பழைய மின்தடைகளையே மீண்டும் வைத்தேன். இருள் நீங்கவில்லை. அடுத்து நினைவகச் சில்லின் மேல் ஐயம் கொண்டு, அவசரமாகப் பிடுங்கினேன். அதன் கால் ஒன்று ஒடிந்தது. இன்று எவரும் செய்யாத சில்லு அது. வேறொன்று தேடிப் பெற மூன்று வாரம் ஆயிற்று. அதைப் பொருத்தியும் இருள் இருளாகவே இருந்தது. ஒடிந்த சில்லு குற்றமற்றது!

பொறியியல் பயிலும் என் தங்கை மகள் அப்போது ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, நல்ல படத்தின் வரியையும் உங்கள் வரியையும் ஒருங்கே வைத்துப் பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த பழைய டி.வி.டி. கருவியின் சைகையை அருகில் வைத்துப் பார்த்தோம். அதில் துடிப்பு, திண்ணை, படம் என்று வரிசையாக இருந்தன. என்னுடையதில் துடிப்பு முடிந்த கணமே வெண்மை தொடங்கியது, திண்ணையே இல்லை. புதிய பெட்டி திண்ணை இருக்கவேண்டிய இடத்தில் வெண்மையைக் கண்டு, அதையே கறுப்பு என்று கொண்டது. வெண்மையே கறுப்பானால் திரையில் ஒளி ஏது? பழைய பெட்டி அவ்வளவு கண்டிப்புக் காட்டாமல் என் பிழையைப் பொறுத்துக்கொண்டிருந்தது.

என் பொறியின் கடிகாரம் வினாடிக்கு 80 இலட்சம் முறை துடிப்பது. துடிப்பின் முடிவிலிருந்து 48 எண்ணிக்கைவரை, அதாவது 6 மைக்ரோ வினாடி, படத்தைத் தடுத்து நிறுத்தும்படி ஒரு சிறு வாயிலைச் சேர்த்தேன். புதிய திரை வெளுத்தது, எழுத்துக்கள் எழுந்தன.

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். 1981-இல் வந்த இஸட்.எக்ஸ்.81 பொறியின் தொடக்கப் பிரதிகளிலும் பின் திண்ணை இல்லை. பின்னர் வந்த சில்லில் அது சேர்க்கப்பட்டது. அக்காலப் பெட்டிகளில் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. பெட்டிகள் மாறிய பின்னரே பலருக்கும் தெரிய வந்தது.

அன்பர்களே, ஒரு பொருள் இயங்குகிறது என்பதனால் அது பிழையற்றது ஆகிவிடாது. அதைப் பொறுத்துக்கொள்ளும் துணை ஒன்று அருகில் இருக்கலாம். இயங்கவில்லை என்றாலும், முதலில் கையில் அகப்படும் உறுப்பைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. நல்லதை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். விதி ஏன் பிறந்தது என்று கேளுங்கள். அதன் பிறகு கருவியைக் கையில் எடுங்கள். கால் ஒடிந்த அந்தச் சில்லை நான் எறியவில்லை. என் மேசைமேல் இன்றும் இருக்கிறது.