டயகமவின் மழையும் நாட்டின் மின்கணக்கும்: வலு மாதிரியாக்கத்தில் திறமூலம் வந்த வழி

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் கிடக்கும் டயகம தோட்டங்களில் பெய்யும் மழை, ஓடைகளாக ஆக்ரா ஓயாவில் இறங்கி, அக்கரப்பத்தனையைக் கடந்து கொத்மலை ஓயாவாகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை அதை மறிக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் திட்டம் அது. ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே நீர் சுழலிகளுக்குப் போகிறது. பின்னர் அதே நீர் கொத்மலை நீர்த்தேக்கத்திலும், பொல்கொல்லையில் திருப்பப்படாத பங்கு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நிலையங்களிலும் மீண்டும் மீண்டும் மின்சாரமாகிறது. இந்த நீருக்கு நாட்டின் திட்டமிடல் என்ன விலை வைத்தது, அந்த விலையை யார் எந்தக் கருவியால் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கை வெளியாட்கள் சரிபார்க்க முடிந்ததா என்பவற்றை வரலாற்று வரிசையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கை நீர்மின் வரலாறு ஒரு பகிரங்கக் கணக்கோடு தொடங்குகிறது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் 1912இல் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. அதன் பின்னணியில் இருந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் நீர்வலுவின் பொருளியல் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் நீரோட்டத்தையும் வீழ்ச்சி உயரத்தையும் கொண்டு, எவ்வளவு மின்வலு கிடைக்கும், அது இறக்குமதி எரிபொருளோடு ஒப்பிட எவ்வளவு இலாபமானது என்று அவர் வாதிட்டார். ஏற்காதவர்கள் அந்த எண்களை எடுத்தே மறுத்துப் பேச முடிந்தது. 1920களில் தொடங்கிய கட்டுமானம் பணமின்றி நின்றது. லக்சபான நிலையம் 1950இல்தான் மின்சாரம் தந்தது. அதன்பின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைச் சார்ந்து விமலசுரேந்திர (1965), பொல்பிட்டிய (1969), புதிய லக்சபான (1974) நிலையங்கள் எழுந்தன.

இதற்கு இணையாக ஓடிய இன்னொரு வரலாற்றை அரச ஆவணங்கள் அதிகம் பேசுவதில்லை. பெருந்திட்டங்களுக்கு முன்பே மலையகத் தோட்டங்களின் தேயிலை ஸ்டோர்கள் ஓடை நீரைச் சக்கரங்களிலும் சிறு சுழலிகளிலும் விட்டு இயந்திரங்களை ஓட்டின. தேசிய மின்வலைப்பின்னல் மலையேறி வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 1996இல் டிக்கோயாவில் ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைந்த சிறு நீர்மின் நிலையம் தேசிய வலைப்பின்னலோடு இணைந்தபின் இந்த மரபு தனியார் முதலீடாகத் திரும்பி வந்தது. ஆனால் பழைய சுழலிகள் எத்தனை, எந்த ஓடையில், எவ்வளவு காலம் ஓடின என்ற விவரம் மின்துறையின் திட்டமிடல் கணக்கில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

கணினி வந்ததும் கணக்கு மாறியது. ஒரு நாட்டின் அடுத்த இருபது ஆண்டு மின்தேவை, இருக்கும் நிலையங்கள், எரிபொருள் விலை, புதிய நிலையங்களின் செலவு எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதி, மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் திட்டத்தைத் தேடுவதே வலு முறைமை மாதிரியாக்கம். சர்வதேச அணுசக்தி முகமைக்காக அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘வாஸ்ப்’ என்ற மென்பொருள் வளரும் நாடுகளில் பரவிற்று. 1969இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையும் நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டங்களைப் பல சுற்றுகளில் அதைக் கொண்டே தயாரித்தது.

வாஸ்ப் மழையை எப்படிப் பார்த்தது என்பதை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆண்டை அதிகபட்சம் 12 பருவங்களாகவும், நீர்வரத்தை ஐந்து நிலைமைகளாகவும் அது பிரிக்கிறது. நாட்டின் நீர்மின் நிலையங்கள் அனைத்தும் இரண்டே தொகுப்புகளாக ஒன்றுசேர்க்கப்படுகின்றன. மின்தேவையோ மணி வரிசையில் இல்லாமல், பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கப்பட்ட ஒரு வளைகோடாக மாற்றப்படுகிறது. எந்த மணிக்குப் பின் எந்த மணி வந்தது என்ற தகவல் அத்தோடு அழிந்துவிடும். பெரிய நீர்த்தேக்கமுள்ள நிலையங்களுக்கு இந்தச் சுருக்கம் ஓரளவு பொருந்தும். மேல் கொத்மலையின் குளமோ மிகச் சிறியது. அக்கரப்பத்தனையில் பிற்பகல் கொட்டும் மழையை அது மாதக்கணக்கில் தேக்கிவைக்க முடியாது, வந்த நீரைச் சில மணிகளில் பயன்படுத்தியாக வேண்டும். அத்தகைய நிலையத்தின் உண்மையான பயன் மணிக்கணக்கில்தான் தெரியும். வாஸ்ப் எழுதப்பட்ட காலத்துக் கணினிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதைக் குறையாகச் சொல்வது நியாயமன்று. அந்தச் சுருக்கம் தலைமுறை கடந்து நீடித்ததும், அதன் விளைவை வெளியே இருந்து எவரும் சோதிக்க இயலாதிருந்ததுமே குறை. மென்பொருளின் உரிமம் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. பேராதனையிலோ ஹட்டனிலோ இருக்கும் ஒரு மாணவி அதன் மூலநிரலைத் திறந்து பார்க்க வழியில்லை.

மூடிய மாதிரியின் ஆபத்தை உலகுக்குக் காட்டியது 1984இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்திரியாவின் லக்சன்பர்க்கில் உள்ள பன்னாட்டு முறைமை ஆய்வு நிறுவனம் 1981இல் உலக வலுவின் எதிர்காலம் பற்றிப் பெரும் அறிக்கையொன்றை வெளியிட்டிருந்தது. பில் கீப்பினும் பிரையன் வின்னும் அதன் கணக்கை அவிழ்த்துப் பார்த்தார்கள். மாதிரி கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் அதற்குள் முன்கூட்டியே இடப்பட்ட அனுமானங்களே என்றும், செலவு எண்களைச் சிறிது மாற்றினாலே முடிவு புரண்டுவிடும் என்றும் நிறுவினார்கள். இந்த ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம், கீப்பின் அந்நிறுவனத்திலேயே பணியாற்றியதால் உள்ளீடுகளை அணுக முடிந்தமையே. வெளியிலிருந்த ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது.

இலங்கையில் அதற்கு நிகரான தருணம் 2017இல் வந்தது. 2018 முதல் 2037 வரையான திட்டத்தில் மின்சார சபை புதிய நிலக்கரி நிலையங்களைச் சேர்த்திருந்தது. மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி இல்லாத ஒரு திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. நிலக்கரிக்கும் திரவ இயற்கை வாயுவுக்கும் என்ன விலை வைப்பது, நிலக்கரியின் சூழல் பாதிப்பைச் செலவாகக் கணக்கிடுவதா என்பவை வாதத்தின் நடுவே நின்றன. மின்சார சபைப் பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். 2018இல் நிலக்கரி அடங்கிய திட்டமே அங்கீகாரம் பெற்றது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த இந்த இழுபறியில் பொதுமக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. கருத்துச் சொல்ல வந்தவர் கையில் இருந்ததோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை மட்டும்தான். அதன் பின்னிணைப்புகளில் பெருமளவு எண்கள் இருந்தன, அந்த வகையில் மின்சார சபை பல நாடுகளின் நிறுவனங்களைவிடத் தாராளமாகவே நடந்துகொண்டது. ஆனாலும் அச்சிட்ட அட்டவணையை வாசிக்கலாம், ஓட்டிப் பார்க்க முடியாது. வாயு விலையை ஒரு டொலர் குறைத்தால் என்னவாகும் என்று கேட்பவருக்கு அவ்வறிக்கை பதில் சொல்லாது.

அந்தக் கேள்வியை எவரும் கேட்கக்கூடிய கருவிகள் அதற்குள் வேறிடங்களில் உருவாகியிருந்தன. பால்டிக் கடல் பிராந்தியத்துக்காக டென்மார்க்கில் 2000த்தையொட்டி எழுதப்பட்ட ‘பால்மொரல்’, மூலநிரலைப் பகிரங்கமாக்கிய முதல் வலு மாதிரிகளுள் ஒன்று. அதை ஓட்டுவதற்கு விலை கொடுத்து வாங்கும் இன்னொரு மென்பொருள் தேவைப்பட்டது. அந்தத் தடையையும் நீக்கியது ‘ஓசிமோசிஸ்’. மார்க் ஹவல்ஸும் கூட்டாளிகளும் 2011இல் அறிமுகக் கட்டுரையை வெளியிட்ட இம்மாதிரி, சில நூறு வரிகளில் அடங்கியது. சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளும் விலையற்றது. உரிமக் கட்டணம் செலுத்த இயலாத நாடுகளின் மாணவர்களுக்கும் அரச அலுவலர்களுக்கும் கற்றுக்கொடுப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். 2014இல் பெர்லினில் கூடிய ஆய்வாளர்கள் திறந்த வலு மாதிரியாக்க முயற்சி என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். பிராங்பர்ட்டில் டொம் பிரவுனும் உடன் பணியாற்றியோரும் எழுதிய ‘பைப்சா’, மின்கம்பித் தொடர்களையும் ஆண்டின் 8,760 மணிகளையும் வரிசை மாறாமல் கணக்கிடுகிறது. வாஸ்ப் அழித்த மணி வரிசை இங்கே திரும்பக் கிடைத்தது. நீர்த்தேக்கத்தின் நீரை இன்றே திறப்பதா, வறட்சிக்கு வைப்பதா என்று தீர்மானிக்கும் கணக்குக்கு மின்சார சபை பிரேசில் நிறுவனமொன்றின் விலைக்கு வாங்கும் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. அதே கணிதத்தை நியூசிலாந்தைச் சேர்ந்த ஆஸ்கர் டவ்சன் திறமூல நிரலாக எழுதி வெளியிட்டிருக்கிறார்.

இலங்கையர் இந்தத் திறமூலப் பண்பாட்டுக்குப் புதியவர்களல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமல்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யத் தன்னார்வலர்கள் சில நாட்களில் எழுதத் தொடங்கிய ‘சஹானா’ திறமூல மென்பொருளே. லங்கா மென்பொருள் மன்றத்தின் துணையோடு வளர்ந்த அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூக நல விருதைப் பெற்றது. பேரிடரில் மென்பொருளைத் திறந்து வைத்த நாடு மின்திட்டமிடலில் அதைச் செய்யாதிருப்பதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்ட முடியாது.

நிரல் திறந்தால் மட்டும் போதுமா? தரவு இல்லாத மாதிரி வெற்றுச் சமன்பாடு. உலகளாவிய திறந்த மாதிரிகள் இலங்கையின் மின்கம்பிகளைத் தன்னார்வலர் வரைந்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்தும், மழையையும் வெயிலையும் ‘ஈ.ஆர்.ஏ. 5’ என்ற ஐரோப்பிய வானிலை மீளாய்வுத் தரவிலிருந்தும் எடுக்கின்றன. அத்தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமானது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரமே அதைவிட அதிகமில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் மேற்குச் சரிவும், அந்த மலையின் மறைவில் வடகீழ்ப் பருவத்துக்குக் காத்திருக்கும் கிழக்குச் சரிவும் அக்கட்டத்துக்குள் ஒரே சராசரியாகிவிடும். டயகமவின் மழை உலக மாதிரிக்குள் நுழையும்போது அது டயகமவின் மழையாக இருப்பதில்லை.

இதற்கான மருந்து மலையகத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாக மழைமானி வைத்து நாள்தோறும் மழையைப் பதிந்து வருகின்றன. அவற்றில் பலவற்றின் பதிவுகள் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் போகின்றன. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஆள் வருவதும், கொழுந்து எடுப்பதும், உரமிடுவதும் மழையைப் பொறுத்தவை என்பதால் இப்பதிவு ஒழுங்காக நடந்தது. தோட்ட ஆபீஸ்களில் கிடக்கும் பழைய பதிவேடுகளை எண்மமாக்கி வெளியிட்டால், முப்பது கிலோமீற்றர் கட்டத்தைத் திருத்தக்கூடிய தரவு கிடைக்கும்.

தேவைப் பக்கத்திலும் மலையகம் மறைந்துதான் இருக்கிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் தன் குடும்ப வருமான செலவின ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளைப் பிரித்துக் காட்டுகிறது. மின்சார சபையின் விற்பனைக் கணக்கோ வீடு, கைத்தொழில், பொதுத் தேவை போன்ற கட்டண வகைகளால் ஆனது. தோட்டம் என்றொரு வகை அதில் இல்லை. லயத்து வீடுகளின் மின்நுகர்வு நாட்டின் பொது வீட்டு நுகர்வுக்குள் கரைந்துவிடுகிறது. அவ்வீடுகளின் அடுப்பிலும் ஸ்டோரின் கொழுந்து உலர்த்தும் சூளையிலும் எரியும் விறகு வலுச் சமநிலை அறிக்கையில் உயிர்த்திரளாக வருகிறது, மின்திட்ட மாதிரியில் வருவதே இல்லை. நாளை அந்த அடுப்புகள் மின்சாரத்துக்கு மாறினால் தலவாக்கலை, ஹட்டன் பகுதி மின்மாற்றிகள் தாங்குமா என்ற கேள்வியைத் தேசியத் திட்டம் கேட்காததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

தரவைத் திறப்பதற்கு எதிராக இரண்டு காரணங்கள் வழமையாகச் சொல்லப்படும்: நாட்டின் பாதுகாப்பு, வணிக இரகசியம். அணையின் கட்டுப்பாட்டு அமைப்பையும் தனிப்பட்ட ஒப்பந்த விலையையும் மறைப்பது சரியே. நீர்வரத்து வரலாறும், நிலையவாரியான மணி உற்பத்தியும், திட்டத்தில் பயன்படுத்திய எரிபொருள் விலை அனுமானமும் அந்த வகையைச் சேர்ந்தவையல்ல. 2022 மார்ச் இறுதியில் நாடு பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் கிடந்தபோது, நீர்த்தேக்கங்களில் எவ்வளவு மிச்சம், அது எத்தனை நாளுக்கு என்பதைச் சாதாரண மக்களும் கணக்கிட விரும்பினார்கள். அப்படிக் கணக்கிடுவது அவர்களது உரிமை.

2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இந்தத் தரவைக் கேட்க ஏற்கெனவே வழி தந்திருக்கிறது. 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பிரித்து, முறைமையை இயக்கும் பொறுப்பைத் தனி நிறுவனத்திடம் ஒப்படைக்க வகைசெய்தது. அந்நிறுவனம் அடுத்த உற்பத்தித் திட்டத்தை அறிக்கையாக வெளியிடும் அன்றே, உள்ளீட்டுக் கோப்புகளையும் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும், தோட்டத் துறையின் நுகர்வைத் தனி வகையாகக் காட்ட வேண்டும். தோட்ட நிருவாகங்கள் மழைப் பதிவேடுகளை அழியவிடாமல் பல்கலைக்கழகங்களிடம் கொடுக்க வேண்டும். அவற்றைத் தட்டெழுதிச் சரிபார்க்கும் வேலையை ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் இந்த ஆண்டே தொடங்கலாம்.