சரவணப் பொய்கையில் விழுந்த இலை

திருப்பரங்குன்றத்துச் சரவணப் பொய்கைக் கரையில் ஒரு மரம். அதிலிருந்து ஓர் இலை உதிர்ந்தது. என்ன மரம் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். இலை விழுந்த இடத்தைப் பற்றி மட்டும் மாற்றுப் பேச்சே இல்லை: பாதி தண்ணீரில், பாதி கரையில். தண்ணீரில் கிடந்த பாதி மீனானது. கரையில் கிடந்த பாதி பறவையானது. ஒட்டிப் பிறந்த இரண்டுக்கும் போகவேண்டிய ஊர் வேறு. மீன் உள்ளே இழுக்க, பறவை மேலே இழுக்க, ஒரே இழுபறி.

அந்த நேரம் பார்த்துக் கரையில் சிவபூசையில் இருந்தவர் நக்கீரர். இறைவன் தந்த பாட்டிலேயே பிழை கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வாத்தியார். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஏ.பி.நாகராஜன் நடித்தாரே, அந்த முகத்தைத்தான் நம்மில் பலர் அவருக்கு ஒட்டிவைத்திருக்கிறோம். அப்பேர்ப்பட்டவர் பூசையை விட்டு இலையை வேடிக்கை பார்த்துவிட்டார். பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற அதே குற்றம்தான்.

தண்டனைதான் கொஞ்சம் பெரிது. கற்கிமுகி என்ற குதிரைமுகப் பூதம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் குகையில் அடைத்தது. உள்ளே ஏற்கெனவே 999 பேர், எல்லோரும் பூசையில் கவனம் சிதறியவர்கள். கடைசி பெஞ்சு என்றால் அதுதான் கடைசி பெஞ்சு. ஆயிரம் சேர்ந்ததும் மொத்தமாகச் சாப்பிடுவது பூதத்தின் திட்டம். அதுவரை எண்ணிக்கொண்டே இருந்தது. சுற்றுலா பஸ் கிளம்புமுன் இரண்டு தடவை தலை எண்ணுகிற ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கற்கிமுகி ஞாபகம் வந்துவிடும்; அவர்கள் மன்னிக்க வேண்டும். “நீங்க வந்து கணக்க முடிச்சு வச்சிட்டீங்களே ஐயா!” என்று 999 பேரும் புலம்பாமலா இருந்திருப்பார்கள்?

ஆனால் பூதம் ஆசாரமானது. குளிக்காமல் சாப்பிடாது. ஆயிரம் பேரை விழுங்கப்போகிற பூதம் குளித்துவிட்டு வரக் கிளம்பியது என்று சொல்லும் இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில்தான் நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாடினாராம். முருகன் வேலை விட்டு, பாறையைப் பிளந்து, ஆயிரம் பேரையும் வெளியே கொண்டுவந்தானாம்.

இனி வேடிக்கை. திருமுருகாற்றுப்படையைத் திறந்து 317 அடிகளையும் தேடிப்பாருங்கள். இலை இல்லை, குகை இல்லை, கற்கிமுகியும் இல்லை. பரங்குன்றம் வருகிற இடத்தில் இருப்பவை வண்டுகள். இரவில் தாமரைக்குள் தூங்கி, விடியலில் நெய்தல் பூவை ஊதி, வெயில் ஏறியதும் மலைச் சுனைப் பூவுக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு நாள் சுற்றுலா என்றால் அதுதான். போர்க்களத்தில் கூத்தாடும் பேய்மகள் ஒருத்தியும் பாட்டில் உண்டு. அவள்தான் காலப்போக்கில் குதிரைமுகம் வாங்கிக்கொண்டு குகைக்குக் குடிவந்தாளோ என்று எனக்கொரு சந்தேகம், அவ்வளவுதான். இலை பாட்டைவிட வயதில் இளையது. சீகாளத்திப் புராணம் போன்ற பிற்காலப் புராணங்களில் ஏறி, கதை சொல்லிகளின் வாயில் விழுந்து, 1967இல் ‘கந்தன் கருணை’ வந்தபோது சீர்காழி கோவிந்தராஜனை நக்கீரராகத் திரையில் நிறுத்துமளவுக்கு அதன் கதை பயணப்பட்டிருந்தது.

இதேபோல் ஆபத்தான இடத்துக்குள் புகுந்து மீளும் கதையாக, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 1986இல் ஒரு மஞ்சள் பஸ் கிடைத்தது. ஜோயன்னா கோல் எழுத, புரூஸ் டீகன் படம் வரைந்த ‘மேஜிக் ஸ்கூல் பஸ்’. முதல் புத்தகத்தில் ஒரு வகுப்பே மழைத்துளி அளவுக்குச் சுருங்கி, குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்து, பள்ளிக்கூடக் குழாய் வழியாக வெளியே வருகிறது. அங்கே டீச்சர் அஞ்சவே மாட்டார், பயமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். இங்கே மாட்டிக்கொள்பவரே வாத்தியார். நம் கதைதான் பிள்ளைகளுக்கு அதிகம் இனிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

கதை ஒருபுறமிருக்க, திருப்பரங்குன்றத்துக் குடைவரை கல்லால் ஆன நிஜம். கல்வெட்டுப்படி கலி 3874, அதாவது கி.பி. 773, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரி சாத்தன் கணபதியின் திருப்பணி. மூலவர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அபிஷேகமெல்லாம் அவர் கையிலிருக்கும் வேலுக்குத்தான். புரட்டாசிக் கடைசி வெள்ளியில் அந்த வேல் மலையேறுகிறது. மலைமேலுள்ள காசி விசுவநாதர் கோயில் சுனைக்குப் போய், நீராடி, இறங்கி வருகிறது. பாறையைப் பிளந்து நக்கீரரை மீட்ட வேல் என்பது ஊரார் சொல்லும் காரணம். கதையில் வந்த பொருள்களில் இன்றைக்கும் ஆண்டு தவறாமல் பயணம் போவது அது ஒன்றுதான்.

அந்தச் சுனையில் மீன்கள் உண்டு. மச்சமுனிச் சித்தர் மீனுருவில் உலவுகிறார் என்று நம்பி இரை போடுகிறார்கள். ஆக, இலையின் மீன் பாதிக்கு மலைமேல் உறவு கிடைத்துவிட்டது. பறவைப் பாதிக்குத்தான் யாரும் இடம் ஒதுக்கவில்லை. “அந்தப் பறவை எங்க போச்சு சார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும் பருந்தைக் காட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறச் சொல்ல வேண்டியதுதான்.