மெக்கார்தரின் மேற்சட்டை: ஃபிளானன் தீவுச் சான்றில் ஒரு முரண்

ஃபிளானன் தீவுகளில் உள்ள எலன் மோர் கலங்கரை விளக்கத்தின் காவலர் மூவர் 1900 டிசம்பரில் மறைந்தது பற்றிய ஆய்வுகள் ஒரு வேலையைச் செம்மையாக முடித்துவிட்டன. கவிழ்ந்த நாற்காலியும் தொடாத உணவும் வில்ஃப்ரிட் கிப்சன் 1912இல் வெளியிட்ட கவிதைக்கு உரியவை. அழுகையும் பிரார்த்தனையும் நிறைந்த பதிவேட்டுக் குறிப்புகள் பிற்காலப் புனைவு. இவற்றைக் கழித்தால் எஞ்சும் முதன்மைச் சான்று, கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட் 1901 ஜனவரி 8 அன்று எழுதிய அறிக்கை. புனைவுகளை அத்தனை கடுமையாகச் சோதித்தவர்களில் பலர் இந்த அறிக்கையை அப்படிச் சோதிக்கவில்லை. நிலையத்தில் கண்ட சான்றும் அறிக்கையின் முடிவும் ஒன்றையே சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்பது என் வாதம்.

டிசம்பர் 15, சனிக்கிழமை பிற்பகல், பாறை இடுக்கில் இருந்த கயிற்றுப் பெட்டியைப் பத்திரப்படுத்த மூவரும் மேற்குத் துறையை நோக்கி இறங்கினர். எதிர்பாராத பேரலை அவர்களை வாரிச் சென்றது. இது மியூர்ஹெட்டின் முடிவு. கடல் மட்டத்துக்கு 110 அடி உயரத்தில் இருந்த அந்தப் பெட்டி அடித்துச் செல்லப்பட்டுக் கயிறுகள் சிதறிக் கிடந்ததால், பேரலை பற்றி எனக்கு மறுப்பில்லை. 'மூவரும்' என்பதே கேள்விக்குரியது.

தலைமைக் காவலர் டுகாட்டின் கடல் பூட்ஸும் மழையுடையும் நிலையத்தில் இல்லை. காவலர் மார்ஷலுடையவையும் இல்லை. துறைகளுக்கு இறங்கும்போது மட்டுமே இவற்றை அணிவார்கள் என்பது மாற்றுக் காவலர் ஜோசப் மூரின் வாக்குமூலம். ஆனால் மூன்றாமவரான மெக்கார்தரின் மேற்சட்டை அங்கேயே இருந்தது. அவர் உள்சட்டையோடு வெளியே போயிருக்க வேண்டும் என்று மூர் தம் கடிதத்தில் எழுதுகிறார். கடலோர வேலைக்கு இருவர் முறையாக உடுத்திக் கிளம்ப, மூன்றாமவர் அட்லாண்டிக்கின் டிசம்பர்க் குளிரில் மேற்சட்டைகூட இல்லாமல் உடன் நடந்தார் என்று நம்ப வேண்டுமா? அவர் பின்னால் போனார், அதுவும் அவசரமாகப் போனார் என்பதே பொருந்துகிறது. உதவிக்கு ஓடினாரா, உயர்ந்து வரும் அலையைக் கண்டு எச்சரிக்க ஓடினாரா என்பதைச் சான்று தீர்மானிக்காது.

மியூர்ஹெட் அறிக்கையின் ஒரு வரியும் இதற்கு இடம் தருகிறது. விளக்கறை வேலை முடிந்திருந்தது, சமையல் பாத்திரங்களும் சுத்தம் செய்யப்பட்டிருந்தன. இதை வைத்துப் பிற்பகல் என்ற நேரத்தைக் கணித்த மியூர்ஹெட், சமையல் முறை யாருடையது என்று கேட்கவில்லை. அது மெக்கார்தருடையது என்று நிறுவ முடியாது. ஆனாலும் ஒருவர் உள்ளே தங்கியிருக்க வழக்கமான காரணம் ஒன்று இருந்தது.

நோயால் விடுப்பில் இருந்த காவலர் ராஸுக்குப் பதிலாக வந்த தற்காலிகக் காவலர் மெக்கார்தர். அவரிடம் மழையுடை இல்லாதது இயல்பே என்பர். இருக்கலாம். மழையுடை இல்லாதவன் இருக்கிற ஒரே மேற்சட்டையையும் விட்டுப் போவானா? வெளிவாசலும் கதவுகளும் மூடியிருந்தன, பதறி ஓடுபவர் மூடுவாரா என்ற மறுப்பும் உண்டு. ஓயாமல் காற்றடிக்கும் தீவில் கதவைச் சாத்துவது கைப்பழக்கம். மூர் கண்டதும் பதினோரு நாள் கழித்து. நிலையத்தைக் காலியாக விடுவது பணி ஒழுங்குக்கு மாறு என்ற மறுப்பு இங்கே எடுபடாது. மூவரும் சேர்ந்தே இறங்கினர் என்றாலும் நிலையம் காலிதான்.

இந்தச் சான்றை மியூர்ஹெட் ஏன் தாண்டிச் சென்றார்? டுகாட்டும் மார்ஷலும் தம் பரிந்துரையால் அங்கு அமர்த்தப்பட்டவர்கள் என்றும், டிசம்பர் 7 அன்று மூவரிடமும் கடைசியாகக் கைகுலுக்கி விடைபெற்றவர் தாமே என்றும் தம் அறிக்கையில் பதிகிறார். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே அலை என்னும்போது எவருடைய முடிவும் விசாரணைக்கு வராது. அவர் உண்மையை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை; மேற்சட்டையைப் பற்றி மூர் எழுதி வைத்ததால்தான் இந்த வாதமே சாத்தியமாகிறது. ஆனால் மியூர்ஹெட்டின் கண்கண்ட பதிவுக்குத் தரும் மதிப்பை அவருடைய ஊகத்துக்கும் தருவதற்கு ஆதாரமில்லை. அந்தப் பிற்பகலில் நிலையத்திலிருந்து கிளம்பியது இரண்டு முறை. அவற்றுக்கு நடுவே துறையில் என்ன நடந்தது என்பதையே இனி ஆராய வேண்டும்.