வண்டிப்பேட்டை ஏலமும் சேப்பாக்கம் மைதானமும்

இரண்டு வருடங்களுக்கு முன் மாப்பிள்ளை என்னை ஐ.பி.எல். ஆட்டம் பார்க்கச் சென்னைக்கு அழைத்துப் போனார். "மாமா, ஒரு தடவையாவது தோனியை நேர்ல பாருங்க" என்பது அவருடைய நெடுநாள் வேண்டுகோள். மைதானத்துக்குள் காரை விட அனுமதிச் சீட்டு வேண்டும், எங்களிடம் இல்லை. திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில், வீட்டை இடித்துப் போட்டிருந்த காலிமனையின் குறுக்கே கயிறு கட்டி ஒருவர் நின்றிருந்தார். "முந்நூறு" என்றார். பழக்க தோஷத்தில் ரசீது கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரசீது வேணும்னா ஐந்நூறு, பெரியவரே" என்றார். பின்னால் நாலு கார்கள் ஹாரன் அடித்தன. மாப்பிள்ளை பணத்தைக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு முன்னால் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பையன்கள் ஒரு பைக்கோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "டிக்கெட்டே கடன் வாங்கி எடுத்தது அண்ணே" என்றான் ஒருவன். கயிற்றுக்காரர் அசையவில்லை. அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். எங்கே நிறுத்தினார்களோ!

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்ததும் பழைய கயிறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

வண்டி நிறுத்தக் காசு வாங்குவது புதிதல்ல. நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் 'வண்டிப்பேட்டை' என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சந்தை முடியும்வரை வண்டியடியில் படுத்துக் கிடந்த இடங்கள் அவை. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, நகராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வசூலிக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு வந்த பஞ்சாயத்துச் சட்டங்களிலும் இந்த அதிகாரம் தொடர்ந்தது. மாட்டு வண்டி போய் சைக்கிள் வந்தது, சைக்கிள் போய் மொபெட் வந்தது. கயிறும் ரசீதுப் புத்தகமும் மட்டும் மாறவில்லை.

உள்ளாட்சி அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த வசூலைத் தாங்களே செய்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிக்குக் குறையாமல் கேள்வி வருகிறதா என்று பார்ப்போம். அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டணம் இவ்வளவுதான் என்று ஏல நிபந்தனையில் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் கட்டணத்தை வசூலித்தால் குத்தகைத் தொகையில் பாதிகூடத் தேறாது என்பது ஏலம் கேட்பவருக்கும் தெரியும், ஏலம் விடுபவருக்கும் தெரியும், மூலையில் உட்கார்ந்து எழுதுகிற எழுத்தருக்கும் தெரியும். அந்த எழுத்தர் நான்.

என்னுடைய பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், முழுக்கப் பிரெஞ்சில். அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான நிலக்கோட்டைக்கு வந்து, தமிழில் குறிப்பெழுதப் பழகி, தேர்வெழுதி, இளநிலை உதவியாளரானேன். 'மேற்படி', 'பார்வையில் காணும் கடிதம்' போன்ற சொற்களைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு வருடம் ஆயிற்று. பிடித்துக்கொண்ட பிறகு நன்றாகவே எழுதினேன், அதுதான் வினையாயிற்று.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) சந்தைத் திடலில் மூன்று நாள் மின்னொளி கபடிப் போட்டி நடந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து ஜனம் சைக்கிளில் வந்தது. சைக்கிளுக்கு நிர்ணயித்த கட்டணம் 25 பைசா. குத்தகைதாரர் திடலைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு ரூபாய் வாங்கினார். கடைசி நாள் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு ரூபாய். பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்களும் பூ எடுக்கிற கூலிகளும். நாற்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து ஒரு மனு கொடுத்தார்கள். மனு என் மேசைக்கு வந்தது. அந்த வருடம் குத்தகை முந்தைய ஆண்டைவிட நல்ல தொகைக்குப் போயிருந்தது. மேலதிகாரிக்கு அதில் ஒரு பெருமை, எனக்கும்தான். 'குத்தகைதாரருக்கு வாய்மொழியாக அறிவுரை வழங்கப்பட்டது, மேல்நடவடிக்கை அவசியமில்லை, கோப்பை முடிக்கலாம்' என்று எழுதி வைத்தேன். கையெழுத்தாகி வந்தது. அறிவுரை யாரும் வழங்கவில்லை.

சரி, சேப்பாக்கத்துக்கு வருவோம்.

1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி அங்கே டெஸ்ட் ஆடியது. அதே வருடம் நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் அங்கேதான் நடந்தது. மதராஸும் மைசூரும் ஆடிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இந்த மண்ணில்தான். வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார். அந்தக் காலத்தில் ஜனம் எப்படி வந்து சேர்ந்தது? சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. பஸ் இருந்தது, ரிக்ஷா இருந்தது. மற்றவர்களுக்குச் சைக்கிள், இல்லாவிட்டால் நடை. கார் வைத்திருந்தவர்கள் கிளப் உறுப்பினர்கள். அவர்களுக்கு இடப் பிரச்சினையே கிடையாது.

1975 பொங்கலுக்கு முன் நானும் போனேன். கொடைரோட்டில் ரயிலேறி, திருவல்லிக்கேணியில் சித்தப்பா வீட்டில் தங்கி, அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஜனவரி 11, மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட், முதல் நாள். ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190. அதில் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. சைக்கிளுக்குப் பத்துப் பைசா கொடுத்ததாக ஞாபகம். ஹேண்டில்பாரில் ஒரு தகர வில்லை, கையில் ஒரு தகர வில்லை. மாலையில் வில்லையைத் தொலைத்துவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

அன்றைக்கு நிறுத்தக் கட்டணம் யாருக்கும் வலிக்கவில்லை என்றால், நிறுத்த வண்டி இல்லை என்பதுதான் காரணம். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு கடன் கொடுத்து வண்டி விற்க ஆரம்பித்தார்கள். மைதானத்தில் மாடங்கள் உயர்ந்தன, வாலாஜா சாலையும் பெல்ஸ் சாலையும் அகலவில்லை. ஒரு பக்கம் திருவல்லிக்கேணி, ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கடற்கரைச் சாலை. கார் நிற்க இடம் எங்கிருந்து வரும்? இடமில்லாத ஊரில் காலிமனைக்காரனே ராஜா.

இடம் தாராளமாக இருந்தால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி இருந்தது. டிராம் வண்டிக்குத் தப்பித் தாவி ஓடுகிறவர்கள் என்ற பட்டப்பெயரிலிருந்து வந்த பெயர் அது. அவர்களுடைய எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் 32,000 பேர் உட்காரலாம், கார் நிறுத்த இடமோ சுமார் 700-தான். ரசிகர்கள் கார் வாங்கிப் புறநகருக்குக் குடிபோனதும் முதலாளிக்கு அது பெருங்குறையாகப் பட்டது. வேறு இடமும் படியவில்லை. 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அணியையே கண்டத்தின் மறுகோடிக்கு, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே 1962-இல் திறந்த மைதானத்தில் 16,000 கார்கள் நிற்கலாம். அந்த மேட்டில் முன்பு குடியிருந்தவை பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். அரசாங்க வீடு கட்டித் தருவதாகச் சொல்லிக் காலி செய்தார்கள், வீடு வரவில்லை. கடைசிவரை போகாதவர்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கி வெளியே விட்டது. இன்று அங்கேயும் கார் நிறுத்தக் கட்டணம் ஏறிப்போனதென்று ரசிகர்கள் பொருமுகிறார்கள். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அந்த நாட்டில் சில மைதானங்களில் கார் நிறுத்தும் சீட்டு நூறு டாலரைத் தாண்டியது.

பிரெஞ்சுக்காரர்களை நான் எல்லாவற்றிலும் புகழ்கிறவன் அல்ல, என் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும். ஆனால் 1998-இல் பாரிஸை ஒட்டிய சான்-தெனியில் ஸ்டாது து பிரான்ஸ் மைதானத்தைக் கட்டியபோது, இரண்டு புறநகர் ரயில் தடங்களை நம்பியே இடம் பிடித்தார்கள். எண்பதாயிரம் பேரில் பெரும்பாலோர் ரயிலில் வந்து ரயிலில் போகிறார்கள். இன்னொன்று: 1903-இல் தொடங்கிய தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்க்க இன்றுவரை டிக்கெட் கிடையாது. ஆரம்பித்துவைத்த பத்திரிகையின் பெயர் 'லோத்தோ'. பொருள், மோட்டார் வண்டி!

நம் ஊரிலும் யோசிக்காமல் இல்லை. 1995-இல் பறக்கும் ரயில் சேப்பாக்கம்வரை வந்தது. 2019-இல் அரசினர் தோட்டத்தில் மெட்ரோ நிலையம் திறந்தார்கள். பிறகு ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் தனிக் கட்டணம் இல்லை என்று ஏற்பாடு வந்தது, 2024-இல் மாநகரப் பஸ்ஸுக்கும். எங்கள் டிக்கெட்டிலும் அது இருந்திருக்கிறது. ஆட்டம் முடிந்து காரை அந்தக் காலிமனையிலிருந்து எடுக்க ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தபோதுதான் மாப்பிள்ளை படித்துப் பார்த்தார்.

ஆனால் நத்தம் கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். பார்க்கவோ, அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கத்துக்குப் போகவோ, நிலக்கோட்டைக்காரனுக்கு மெட்ரோ ஏது? இரவு பதினோரு மணிக்கு மேல் திரும்பி வரப் பஸ் கிடைப்பதே பாடு. வண்டியில்தான் போயாக வேண்டும். போகிற இடத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவர் வைத்ததுதான் விலை. அவரைத் திட்டுகிறோம். அவருக்குக் குத்தகை கொடுத்தவர் யார், எந்தத் தொகைக்குக் கொடுத்தார், நிபந்தனையில் கட்டணம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. என் காலத்தில் அது இருந்திருந்தால் அந்த நாற்பது பேரில் ஒருவராவது என் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கியிருப்பார்.

அந்த மனுவில் முதல் கைநாட்டு ஒரு வயதான தறிக்காரருடையது. மனுவை நேரில் கொண்டுவந்தவரும் அவர்தான். "மூணாம் நாளு நான் ஆட்டம் பாக்கலைங்கய்யா, வெளியில நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார். உட்காரச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.