கடைக்கொரு பேரேடு: செட்டிநாட்டுக் கணக்கும் டேலி கணக்கும்

புதுக்கோட்டையில் காமர்ஸ் படித்துவிட்டு டேலி வகுப்புக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகச் சந்திப்பார்கள். ஒரே முதலாளிக்கு ரைஸ்மில், உரக்கடை, லாரி என்று மூன்று தொழில். எது சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டர் வந்தபிறகுதான் இந்தக் கேள்வி வந்தது என்று நினைத்தால் தவறு. இதே மாவட்டத்து ஊர்களான ராயவரம், அரிமளம், கோனாபட்டு, கடியாபட்டி, மேலைச்சிவபுரி ஆகியவற்றின் நகரத்தார் வீடுகளில், தொண்டைமான் சமஸ்தானக் காலத்திலேயே இதற்கு ஒரு விடை இருந்தது.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய வட்டிக்கடைகள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருக்கும். 1930-ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் சுமார் 1650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி! கடல் கடந்து கிடக்கும் இந்தப் பணத்தை ஊரில் உட்கார்ந்தபடி மேற்பார்க்க வேண்டும். கையில் இருந்த ஒரே கருவி கணக்குதான்.

அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: ஒவ்வொரு கடைக்கும் முழுக் கணக்கு தனி. ஒவ்வொரு கடையிலும் அன்றாட வரவு செலவுக்குக் குறிப்பேடு, ஆள்வாரியாகப் பற்று வரவு எழுதப் பேரேடு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஐந்தொகை. கடையை நடத்தியவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன். (இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படிக்கலாம். அவரே மேடானில் இப்படி ஒரு கடையில் வேலை பார்த்தவர்.) மேலாள் பொதுவாக மூன்று வருடக் கணக்கில் போவார். சம்பளம் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. அந்தப் பங்கைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கடையின் லாபம் தனியாகத் தெரிந்தாக வேண்டுமே! ரங்கூன் கடையும் மோல்மேன் கடையும் ஒரே ஏட்டில் கலந்து கிடந்தால் யார் உழைத்தது, யார் தூங்கியது என்று எப்படித் தெரியும்? கோயிலுக்கும் தர்மத்துக்கும் உரிய மகமைகூட ஏட்டில் தனித் தலைப்பாகத்தான் இருந்தது.

ஆனால் எவ்வளவு சுத்தமாக எழுதினாலும் ஏடு நஷ்டத்தைத் தடுத்துவிடாது. 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை, அவர்களுடைய நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது சுமார் 25 சதவீதம். கடன் என்று நின்ற தொகை நிலம் என்று மாறியது, அவ்வளவுதான். 1942-ல் ஜப்பான் படை வந்தது, 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் இழந்த அந்த விவசாயிகளின் பக்கக் கணக்கை எந்தப் பேரேடும் எழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி டேலி. 1986-ல் பெங்களூரில் தொழில் நடத்திவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்குக்கு ஏற்ற சாப்ட்வேர் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம்தான் பிறகு டேலி ஆனது.

இதில் நம் ரைஸ்மில் முதலாளிக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தொழிலுக்கு ஒரு கம்பெனி திறப்பது. இது அப்படியே பழைய கடைக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஐந்தொகை கிடைக்கும், மொத்தமாகப் பார்க்க 'குரூப் கம்பெனி' வசதியும் இருக்கிறது. இரண்டாவது, ஒரே கம்பெனியில் 'டீசல்-மில்', 'டீசல்-லாரி' என்று லெட்ஜர்களைப் பிரிப்பது. ஆரம்பத்தில் சுலபம், பிறகு தலைவலி. 12 செலவு, 3 தொழில் என்றால் 36 லெட்ஜர். மூன்றாவது, காஸ்ட் சென்டர். டீசல் ஒரே லெட்ஜர்தான். வவுச்சர் போடும்போது 'இதில் மில்லுக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு' என்று பிரித்துக் காட்டினால் போதும். 12 லெட்ஜரும் 3 காஸ்ட் சென்டரும், வேலை முடிந்தது.

ஒரே இடத்தில், ஒரே பேங்க் கணக்கில் நடக்கிற தொழிலுக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் காஸ்ட் சென்டர் வரவு செலவைத்தான் பிரிக்கும், மில்லுக்கென்று தனி ஐந்தொகை தராது. தொழில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடன் வாங்கினால், தனித்தனிப் பங்காளி இருந்தால், முதல் வழிக்குத்தான் போக வேண்டும். ரங்கூன் கடை அப்படிப்பட்டதுதான்.

ரங்கூன் கடைக்கு இல்லாத ஒரு சிக்கல் ரைஸ்மில்லுக்கு உண்டு. மில்லுக்கும் உரக்கடைக்கும் ஒரே ஜெனரேட்டர், ஒரே வாட்ச்மேன். அந்தச் செலவை ஓடிய மணிக்கணக்கில் பிரிப்பதா, மூட்டைக் கணக்கில் பிரிப்பதா, பாதிப் பாதியா? எந்த விகிதம் கொடுத்தாலும் டேலி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த விகிதத்தை மாற்றினால் நேற்று நஷ்டத்தில் இருந்த உரக்கடை இன்று லாபத்தில் நிற்கும். அதனால் கணக்குப்பிள்ளையும் முதலாளியும் உட்கார்ந்து அதை வருடத் தொடக்கத்திலேயே பேசி எழுதி வைத்துவிடுவது நல்லது. மார்ச் கடைசியில் பேசினால் சண்டைதான் வரும்.