பரேல் ஆய்வுக்கூடமும் பேறுகாலச் சோகையும்

பேறுகாலத்தில் பெண்களைக் கொன்ற சோகைகளில் ஒருவகை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும். இதிலோ அவை வழக்கத்தைவிடப் பெருத்திருந்தன. எண்ணிக்கை மட்டும் மிகக் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் பிற்பாதியில் முகம் வெளுக்கும், கால் வீங்கும், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். குறைமாதப் பிரசவமும் தாயின் மரணமும் அடிக்கடி சேர்ந்தே வந்தன. 1919இல் வில்லியம் ஆஸ்லர் பேறுகாலத்தின் கடுஞ்சோகைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அந்த நோய்க்கான மருந்து வெளிப்பட்டது பம்பாயில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேலில் தொடங்கிய ஆய்விலிருந்து.

பரேலில் அதற்கான களம் முன்பே உருவாகியிருந்தது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது வந்து சேர்ந்த வால்டமார் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசியைத் தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். 1899இல் அவருடைய ஆய்வுக்கூடம் பரேலின் பழைய ஆளுநர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் பெற்றது. மறு ஆண்டே கே.இ.எம். மருத்துவமனையும் நௌரோஜி வாடியா மகப்பேறு மருத்துவமனையும் அதே பகுதியில் திறக்கப்பட்டன. ஆலைச் சங்கு ஒலிக்கும் தூரத்துக்குள் ஆய்வுக்கூடம், பொது மருத்துவமனை, பிரசவ மருத்துவமனை மூன்றும் அமைந்தன.

பெண்களுக்கான மருத்துவப் பணியில் பல ஆண்டுகள் இந்தியாவில் கழித்த மார்கரெட் பால்ஃபர், இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில் பேறுகால மரணங்களைப் பற்றிய விசாரணையை இங்கே நடத்திவந்தார். ஆலைப் பெண்களின் பிரசவ நிலைமை குறித்தும் அவர் ஆராய்ந்தார். பம்பாய் மாகாணம் பேறுகால உதவிச் சட்டத்தை 1929இல் இயற்றியதும் இதே காலம்தான். அந்த மசோதாவுக்கு ஆதரவாகச் சட்டமன்றத்தில் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர்.

பால்ஃபரின் அழைப்பை ஏற்று 1928இல் பம்பாய்க்கு வந்தவர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் மண்ணியலும் படித்த பின், லண்டனில் பெண்களுக்கென இருந்த மருத்துவப் பள்ளியில் படித்து 1920இல் மருத்துவரானார். பிறகு நோயாளிகளைப் பார்க்கும் தொழிலைவிட ஆய்வுக்கூட வேலையையே தேர்ந்தெடுத்தார்.

அந்த வேலையின் முதல் கருவி சாயமேற்றிய இரத்தத் தடம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாக இழுத்துக் காயவிட்டு, அதன்மேல் சாயத்தை ஊற்றுவார்கள். மெத்திலீன் நீலத்தையும் ஈயோசினையும் கலக்கும் ரொமனாவ்ஸ்கி முறையை 1901இல் லீஷ்மனும் 1904இல் கீம்சாவும் எளிமையாக்கியிருந்தனர். லீஷ்மன் சாயத்தில் உள்ள மெத்தனால் அணுக்களைக் கண்ணாடியில் நிலைநிறுத்திவிடும். அதற்குப் பிறகு நீர் சேர்த்ததும்தான் நிறம் பிடிக்கும். நீரின் அமிலத்தன்மை சற்று மாறினாலும் படலம் முழுவதும் செம்மை தட்டிவிடும் அல்லது நீலம் பாய்ந்துவிடும். கை பழகியவர் செய்தால் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளணுக்களின் உட்கரு ஊதாவாகவும் தெளிந்து நிற்கும். பேறுகாலக் கடுஞ்சோகை கண்ட பெண்ணின் சில்லில் சிவப்பணுக்கள் பெருத்து, சில முட்டை வடிவில் நீண்டு தெரியும். எலும்பு மஜ்ஜையைச் சாயமேற்றிப் பார்த்தால் எர்லிக் 1880இல் பெயரிட்ட மெகலோபிளாஸ்ட்டுகள் நிறைந்திருக்கும். புதிய டி.என்.ஏ.வை உருவாக்க முடியாமல் உட்கரு பின்தங்கிவிட, அணுவின் மற்றப் பகுதி மட்டும் வளர்ந்துவிட்ட அணுக்கள் அவை. இந்த விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது.

தீய சோகை என்ற நோயிலும் சில்லில் தெரிவது இதே காட்சிதான். மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் அதற்கு ஈரலை உணவாகக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தனர். ஆகவே பம்பாய்ப் பெண்களின் நோயும் அதுவே என்று எவரும் எளிதில் முடிவுகட்டியிருக்கலாம். வில்ஸின் சிறப்பு, சில்லைப் பார்த்ததோடு நில்லாமல் அந்தப் பெண்களின் அடுப்படிவரை போனதுதான்.

மலத்தில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று முதலில் தேடினார். சோகைக்குக் காரணமாக எதுவும் அகப்படவில்லை. பிறகு உடன் பணியாற்றிய இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து, பம்பாயின் பல சமூகத்துப் பெண்கள் என்ன உண்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். ஏழை முஸ்லிம் பெண்களிடையே இந்தச் சோகை அதிகம் என்பது தெரிந்தது. அவர்களுடைய சாப்பாட்டில் பால், பழம், பச்சைக் காய்கறி மிகக் குறைவு. இவ்வளவு கொடிய நோய்க்குத் தட்டில் இல்லாத உணவே காரணம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்பிடித்தது. இந்த வரலாற்றில் உரிய இடம் பெறாதவர்கள் இந்தப் பெண்களே. அவர்கள் வாய்விட்டுச் சொன்ன அன்றாடச் சாப்பாட்டுக் கணக்கு இல்லாமல், அடுத்து வந்த எந்தச் சோதனையும் நடந்திருக்காது.

அந்த உணவையே எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தபோது தடுக்கப்பட்டது. ஆனால் எலிப்பேன் பரப்பும் பார்ட்டொனெல்லா என்ற தொற்றும் அதில் கலந்திருந்தது பின்னர் தெரியவந்ததால், அந்தச் சான்று வலுவிழந்தது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். ஊட்டச்சத்து ஆய்வுக்குப் பேர்பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அங்கே இருந்தார். பிறகு குரங்குகள் சோதனைக்கு வந்தன. குறையுணவால் சோகை முற்றிய ரீசஸ் குரங்கு ஒன்றுக்கு ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுக்கப்பட்டதும் அது வியக்கத்தக்க வேகத்தில் தேறியது. மதுவடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து இங்கிலாந்தில் 1902 முதல் தயாரிக்கப்பட்ட அந்தக் கரிய பசையை, இலங்கைத் தமிழ் வீடுகள் இன்றும் அறியும்.

1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்துவந்த, இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் பணி. பம்பாயிலும் சென்னையிலும் சோகை கண்ட பெண்களுக்கு மார்மைட் கொடுத்தபோது, ஈரலால் கிடைத்த பலன் அதைவிட மலிவான பொருளிலேயே கிடைத்தது. இங்கும் சாயமே சாட்சி. பிரில்லியன்ட் கிரெசில் நீலம் என்ற சாயத்தை உயிருள்ள இரத்தத்தோடு கலந்தால், மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களுக்குள் நீல வலை தெரியும். ரெட்டிக்குலோசைட் எனப்படும் இவை, சரியான சத்து சேர்ந்த சில நாளிலேயே திடுமெனப் பெருகும். நோயாளி தன்னுடம்பில் தெம்பை உணர்வதற்கு முன்பே சில்லு அதைச் சொல்லிவிடும். 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த முடிவுகளை வெளியிட்டது.

தூய்மைப்படுத்திய ஈரல் சாறு தீய சோகையைத் தீர்த்தது. பேறுகாலச் சோகையைத் தீர்க்கவில்லை. கச்சா ஈரல் இரண்டுக்கும் உதவியது. ஆக, தூய்மைப்படுத்தும்போது கழிந்துபோகும் வேறொரு சத்து இருந்தாக வேண்டும். அதற்கு வில்ஸ் காரணி என்று பெயர் வந்தது. சாயத்தால் பிரிக்க முடியாத இரண்டு நோய்களை, எந்த உணவுக்கு எது குணமாகிறது என்ற கேள்வி பிரித்துவிட்டது.

அதன்பின் கதை கடல் கடந்தது. வில்ஸ் காரணி எனப் பின்னர் அடையாளம் காணப்பட்ட ஃபோலிக் அமிலம், 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தவர். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினும் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிய முதல் மருந்து அது. 1950களின் தொடக்கத்தில் கருக்கலைப்புக்காக அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கலையாமல் தங்கிய சில கருக்கள் மண்டையோடு உருக்குலைந்து பிறந்தன. ஃபோலிக் அமிலம் தடைபட்டால் கருவின் உருவமே சிதையும் என்பதற்கு அது கொடூரமான சான்று.

வில்ஸ் 1964இல் காலமானார். மறு ஆண்டு லிவர்பூலைச் சேர்ந்த ஹிப்பர்டும் ஸ்மித்தெல்ஸும், ஃபோலிக் அமிலக் குறைவுக்கும் கருவின் நரம்பு மண்டலக் குறைபாடுகளுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினர். அதை ஐயமின்றி நிறுவியது, 7 நாடுகளின் 33 மையங்களில் நடந்து 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சோதனை. முந்தைய கருவில் நரம்புக்குழாய் மூடாத குறைபாடு கண்ட 1,817 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடையே அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் அப்போது நடத்திக்கொண்டிருந்த இதே வகைச் சோதனை, அந்த முடிவு வந்ததும் நிறுத்தப்பட்டது.

இந்திய அரசு 1970 முதல் கர்ப்பிணிகளுக்கு இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துவருகிறது. இன்றைய அளவு 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இன்றைய மும்பையின் தாராவியில் வீடு வீடாகப் போகும் நலப் பணியாளர்களும் சயான் மருத்துவமனையின் கர்ப்பகாலப் பிரிவும் சோகைக்கு எதிராகச் செய்யும் வேலையில் இந்த மாத்திரைக்கு முதலிடம் உண்டு. ஆயினும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் சோகையோடு இருந்தனர். கருவின் நரம்புக்குழாய் மூடுவது கருவுற்ற 28 நாளுக்குள். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே அதற்குள் தெரிவதில்லை. கர்ப்பிணியாகப் பெயர் பதிந்த பிறகு வாங்கும் மாத்திரை சோகைக்கு உதவும், ஆனால் கருவின் முதுகெலும்பைக் காக்கும் கெடு அதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கா 1998 முதல் தானிய மாவிலேயே அதைச் சேர்க்கிறது. இந்தியாவில் ரேஷன் அரிசியில் இரும்பு, பி12 ஆகியவற்றுடன் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து நாடு முழுவதும் வழங்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது.